கல்லறையின் இடது பக்கம்

என் அம்மாவுக்குப் பூனைக்கண். அதற்கு எங்கள் வீட்டில் ஒரு காரணம் சொல்வார்கள். ஜோலார்பேட்டை ரயில்வே கல்லறைத் தோட்டத்தில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் புதைக்கப்பட்டிருக்கிறார். கரி என்ஜின் காலத்து டிரைவர். அவர்தான் அம்மாவின் தாத்தா, அவள் அப்பாவைப் பெற்றவர். யாராவது நம்பாமல் பார்த்தால் அம்மா கண்ணை அகலத் திறந்து காட்டுவாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

அம்மாவுக்கு மூன்று வயதாகும்போதே அவள் அப்பா போய்விட்டார். ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேன். வடக்கே எங்கேயோ பாலம் வேலைக்குப் போன இடத்தில் விபத்து. உடல் ஊருக்கு வரவில்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது. அம்மாவைப் பெற்றவள் திமிரியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணத்துக்கு முன்பே மாமனார் இறந்துவிட்டதால் அவரைக் கண்ணால் பார்த்ததில்லை. எழுதப் படிக்கவும் தெரியாது. கல்லறைத் திருநாள் வந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு போய், சுண்ணாம்பு அடித்த அந்த மேடையைக் காட்டி, "இதான் உங்க தாத்தா, கும்பிட்டுக்கோ" என்பாளாம். அம்மா ஐந்தாம் வகுப்பில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டப் பழகியதும் செய்த முதல் வேலை அந்தக் கல்லைப் படித்ததுதான். பெயர், டிரைவர், ஸ்காட்லாந்தில் ஒரு ஊர், இறந்த வருஷம். தோட்டத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தாளாம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் இங்கிலீஷ் படித்தவள் அவள்தான். அன்றைக்கு அவளுக்கு ஒரு வெள்ளைக்காரத் தாத்தா கிடைத்தார்.

அந்தத் தாத்தா அவளுக்கு நிறையச் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேரிப் பிள்ளை என்று ஒதுங்கி உட்கார்ந்தவர்கள் கண்ணைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்கள். நர்ஸ் டிரெய்னிங்கில் சேர்ந்தபோது, ஹாஸ்டலில் மற்றவர்கள் ஜாதியைச் சுற்றி வளைத்து விசாரித்தால், "எங்க தாத்தா ஸ்காட்லாண்ட்" என்று பேச்சை முடித்துவிடுவாளாம். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படிப் பீற்றிக்கொண்டவள்தான்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது அவளை ஆம்பூருக்கு என்னிடமே அழைத்து வந்துவிட்டேன். நான் இங்கே ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் சூப்பர்வைசர். டயாலிசிஸுக்கு வேலூர் போய் வருவோம். ஒருநாள் திரும்பும் வழியில், பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும், அம்மா சொன்னாள்: "என்னை எங்க தாத்தாகிட்ட போட்ரு."

"இப்ப இன்னா அவசரம்?"

"அவசரம் இல்ல. சொல்லி வெக்கிறேன். உங்கப்பா ஆத்தோட போய்ட்டாரு. எங்கப்பா எங்க கெடக்கிறாருன்னே தெரியல. எங்கம்மாவ அவங்க ஊர்க்காரங்க தூக்கினு போய்ட்டாங்க. நம்ம ஜனம்னு மண்ணுக்குள்ள இருக்கிறது அவரு ஒருத்தருதான்."

என் அப்பா இந்து. அவர் சாம்பலைப் பாலாற்றில் கரைத்தோம். அம்மா சொன்னது எல்லாம் உண்மை. சரி என்று சொல்லிவிட்டேன். நான் சரி என்று சொன்னால் செய்துதான் தீருவேன். இந்தக் குணத்தால் கம்பெனியில் எனக்கு எதிரிகள் ஜாஸ்தி.

கல்லறைக் குழுச் செயலாளர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. கெட்ட மனிதர் இல்லை, ஆனால் இன்னும் கையில் பச்சைக் கொடி இருப்பதாக நினைப்பு. பழைய தோட்டம் நிறைந்துவிட்டது, புதிதாகச் சாகிறவர்களுக்கு ஹைவே பக்கம் வாங்கிய இடம்தான் என்றார். பழைய இடத்தில் குழி திறக்க வேண்டுமானால், உள்ளே இருப்பவர் ரத்த சொந்தம் என்று காட்ட வேண்டும்.

"எங்கம்மாவோட தாத்தாங்க. வருஷா வருஷம் நாங்கதான் சுண்ணாம்பு அடிக்கிறோம். நீங்களே பார்த்திருக்கீங்க."

"சுண்ணாம்பு யாரு வேணா அடிக்கலாம்மா. கல்லுல இருக்கிறது வெள்ளைக்காரன் பேரு. உங்க குடும்பத்துல யாருக்காவது அந்தப் பேரு இருக்குதா?"

இல்லை. ஞானஸ்நானப் பதிவு பார்க்கலாம் என்றால், அந்தக் காலத்துப் பதிவேடுகளைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. நான் விடவில்லை. மாதத்தில் பாதி ஞாயிறுகளில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் மனைவி எனக்குக் காபி போட்டே அலுத்துப்போனார். கடைசியில் அவருக்கே பேஜாராகி, ஒருநாள் அவரே போன் செய்தார். ஸ்காட்லாந்திலிருந்து ஒரு பெண்மணி மாதா கோவிலுக்கு எழுதியிருக்கிறாராம். அந்த டிரைவரின் கொள்ளுப் பேத்தியாம். கல்லறையைப் பார்க்க வருகிறாராம்.

"நீங்களே பேசிக்கங்கம்மா. சொந்தக்காரங்க சொந்தக்காரங்களுக்குள்ளயே பேசிக்கங்க" என்றார். கேலிதான். எனக்கு அது கேலியாகப் படவே இல்லை. கடவுளே கூரியர் அனுப்பினது போல இருந்தது.

அந்தப் பெண்மணி ஜனவரியில் வந்தார். எழுபதை ஒட்டிய வயது, குட்டையாக வெட்டிய நரைமுடி, நல்ல உழைத்த கை. சிட்டி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்று தெரிந்தபோது அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "டிரைவர் ரத்தம்டி!" என்றாள். அவருடைய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஷூ வாங்க வரும் ஜெர்மன்காரர்களின் இங்கிலீஷையே சமாளித்தவள் என்பதால் மீதியை ஊகித்துக்கொண்டேன்.

கல்லறை மேடை ஓரமாக உட்கார்ந்து அவர் தன் ஆட்களைப் பற்றிச் சொன்னார். தறி நெய்தவர்களாம். மில் வந்ததும் தறி போயிற்று. நெசவாளி மகன் ரயில் ஷெட்டில் சேர்ந்து, டிரைவராகி, கூடுதல் சம்பளத்துக்கு இந்தியா வந்தான். மனைவியையும் பிள்ளைகளையும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவன். சில வருஷம் கடிதம் வந்தது, பணம் வந்தது. பிறகு இரண்டும் நின்றுவிட்டன. அங்கே ஒரு கறுப்புப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டு எங்களை மறந்துவிட்டான் என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். மனைவி சணல் மில்லில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தாள். மகன் சுரங்கத்துக்குப் போனான், அவன் மகன் கப்பல் பட்டறைக்கு. கல்யாண போட்டோவில் அந்த டிரைவரின் முகத்தை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அந்தப் போட்டோ இன்னும் அவர் வீட்டில் இருக்கிறதாம். பெயரைக்கூட யாரும் சொல்வதில்லையாம்.

இதைச் சொல்லிவிட்டுக் கல்லில் இருந்த வருஷத்தை விரலால் தொட்டார். கடிதம் நின்ற வருஷமும் அதுதானாம். மறந்துபோனவர் இல்லை, செத்துப்போனவர். ஊருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் அழுதார். அம்மாவும் அழுதாள். நான் எழுந்து போய் மூன்று பேருக்கும் டீ வாங்கி வந்தேன்.

ஆனாலும் அந்தக் கறுப்புப் பெண் கதை பொய் என்று ஆகிவிடவில்லையே. அம்மாவின் கண்களை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கப் பயந்து பயந்து பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. அவர் பையில் டி.என்.ஏ. பார்க்கிற எச்சில் பரிசோதனை டப்பா இரண்டு இருந்தது. அங்கே இப்போது எல்லோரும் அதில் துப்பி அனுப்பித்தான் வம்சம் தேடுகிறார்களாம். எனக்கு உயிர் வந்தது. ரத்த சொந்தம் காட்டு என்று கேட்ட செயலாளரின் மேஜையில் சயின்ஸையே கொண்டுபோய் வைத்துவிடலாமே! அம்மா துப்ப மாட்டேன் என்று அடம் பிடித்தாள். "தாத்தாவுக்கு எச்சி துப்பிக் காட்டணுமா?" நான்தான் விடாமல் துப்ப வைத்தேன்.

பங்குனி வெயிலில் முடிவு வந்தது. வீடியோ அழைப்பில் அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அம்மா ரத்தத்தில் ஸ்காட்லாந்து ஒரு துளிகூட இல்லை. முழுக்க இந்த மண்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டயாலிசிஸ் ஊசி ஏறும்போது வாயைத் திறந்தாள். "எழுபது வருஷமா இருந்தாரு. நீ ஒரு டப்பாவ வெச்சு அவர கொன்னுட்ட."

"நான் உனக்காகத்தானம்மா செஞ்சேன்."

"எனக்காகச் செஞ்சியா? அப்ப நான் யாருடி? சொல்லு."

செயலாளருக்கும் எப்படியோ விஷயம் போய்விட்டது. அனுதாபமாகத்தான் பேசினார். புது இடத்தில் மரமெல்லாம் வைத்திருக்கிறோம், காற்றோட்டமாக இருக்கும் என்றார். செத்தவர்களுக்குக் காற்றோட்டம் எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். கோபம் அவர்மேல் இல்லை. எனக்கு எதிராக நானே சாட்சி கொண்டுவந்த முட்டாள்தனத்தின் மேல்தான்.

அந்த வாரம் அந்தப் பெண்மணி ஸ்காட்லாந்திலிருந்து, ஜனவரியில் எடுத்த படங்களை அனுப்பியிருந்தார். லஞ்ச் நேரத்தில் கம்பெனியில் உட்கார்ந்து பார்த்தேன். கல்லறைக்கு நேர் எதிரே நின்று எடுத்த படம் ஒன்று. என் வேலை ஷூவை ஜோடி ஜோடியாகப் பார்ப்பது. இடதும் வலதும் ஒத்துப்போகிறதா, தையல் நடுவில் ஓடுகிறதா என்று பார்த்துப் பார்த்து, கோணலாக எது இருந்தாலும் கண்ணில் குத்தும். படத்தில் கல் மேடையின் நடுவில் இல்லை. வலது ஓரமாக நின்றது. சின்ன வயதிலிருந்து வருஷா வருஷம் பார்த்த மேடை அது. கிட்டே உட்கார்ந்து சுண்ணாம்பு அடித்ததால் ஒருநாளும் முழுசாகப் பார்த்ததே இல்லை. ஒற்றை ஆளுக்கு அவ்வளவு அகலம் எதற்கு? இடது பக்கம் ஒரு ஆள் படுக்கிற இடம் சும்மா கிடந்தது. செங்கல் வரிசைகூட நடுவில் ஒட்டுப்போட்டது போலத் தெரிந்தது. முதலில் சின்னதாகக் கட்டி, அப்புறம் அகலமாக்கியிருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு வினிகர் பாட்டிலும் தகட்டுக் கரண்டியும் எடுத்துக்கொண்டு ஜோலார்பேட்டைக்குப் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. செயலாளரிடம் கேட்கவும் இல்லை. நாங்கள் அடித்த சுண்ணாம்பு, சுரண்ட எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று வாயில் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் வந்து கேட்கவில்லை.

அடை அடையாக வந்தது. மேலே நான் அடித்தது, கீழே அம்மா அடித்தது, அதற்கும் கீழே அவளைப் பெற்றவள் அடித்தது. நடுவில் ஏதோ ஒரு வருஷம் நீலம் ஜாஸ்தி போட்டிருக்கிறார்கள். ஆம்பூரில் வேலை பார்க்கிறவளுக்குச் சுண்ணாம்பு புதிதில்லை, தோல் பதனிடும்போது முடியைக் கழற்றுவதே அதுதான். கல்லறையில் அது கழற்றவில்லை, மூடிவிட்டிருந்தது. முதல் ஞாயிறு சிமெண்ட் தெரியும் வரை வந்தேன். இரண்டாவது ஞாயிறு, தலைமாட்டுப் பக்கம், கரண்டி முனை ஒரு பள்ளத்தில் சிக்கியது. வினிகரை ஊற்றிப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஒரு எழுத்து வந்தது. தமிழ் எழுத்து.

ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறியிருந்தார்கள். "எங்கள் தகப்பன்" என்று மேலே. கீழே ஒரு பெயர். ஊர் பெயர் கலவை. பயர்மேன். இறந்த வருஷம், சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து. அதற்கும் கீழே, எழுதினவர் பெயர். அது என் அம்மாவின் அப்பா பெயர். அம்மா பெயருக்கு முன்னால் இன்றுவரை ஒற்றை எழுத்தாக நிற்கிற பெயர்.

எல்லாம் தெளிவாகிவிட்டது. டிரைவர் என்ஜின் ஓட்ட, பயர்மேனான எங்கள் ஆள் கரி அள்ளிப் போட்டிருக்கிறார். ஸ்காட்லாந்துக்காரர் செத்ததும் அந்தக் கல்லறையைப் பார்த்துக்கொள்ள இங்கே யார் இருந்தார்கள்? இவர்தான் இருந்திருப்பார். இல்லாவிட்டால் வெள்ளைக்காரர் வரிசையில், அவர் பக்கத்திலேயே, ஒரே மேடைக்குள் இவரை ஏன் வைக்கப் போகிறார்கள்? வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுப் போன பிறகு தடுக்கவும் ஆள் இருந்திருக்காது. கல் வைக்க வசதியில்லாத மகன் ஆணியால் எழுதினார். எழுத்து ஆழம் கம்மி. அம்மா இங்கிலீஷ் படிக்கும் வயது வருவதற்குள் சுண்ணாம்பு அதை நிரப்பிவிட்டது. அவளைப் பெற்றவள் சரியாகத்தான் காட்டியிருக்கிறாள், "இதான் உங்க தாத்தா" என்று. படித்த மகள் படிக்கத் தெரிந்த கல்லைப் படித்துவிட்டாள். அதன்பிறகு நாங்கள் மூன்று பேரும் பக்தியாக, வருஷம் தவறாமல், சொந்தத் தாத்தாவின் பெயர் மேல் சுண்ணாம்பு அடித்திருக்கிறோம்.

செயலாளரைக் கையோடு கூட்டிவந்து காட்டினேன். குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "நீங்க கேட்டது வெள்ளைக்காரரையாச்சே. இவரு வேற ஆளாச்சே" என்று இழுத்தார்.

"கேட்டது எங்க தாத்தாவ. இவரு எங்க தாத்தா. கீழ இருக்கிறது அம்மாவோட அப்பா பேரு, ஆதார் கார்டு கொண்டாரட்டுமா?"

"வேணாம்மா, வேணாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த வாரமே குழு அனுமதி கொடுத்தது. காலம் வரும்போது இடது பக்கக் குழியைத் திறந்து அம்மாவை வைக்கலாம்.

ஸ்காட்லாந்துக்கும் படத்தை அனுப்பினேன். அவர் உடனே அழைத்தார். எழுத்தைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். இல்லாத ஒரு பெண்ணை நாலு தலைமுறையாக நாங்கள் திட்டிக்கொண்டிருந்தோம், அங்கே ஒரு மனிதர் எங்கள் ஆளின் கல்லறையைப் பெருக்கிக்கொண்டிருந்திருக்கிறார் என்றார். அந்த வெட்டிய போட்டோவை ஹாலில் மாட்டியிருப்பதாகவும் சொன்னார். முகம் இல்லாவிட்டால் என்ன, ஆள் அங்கே நிற்கிறார் இல்லையா.

அம்மாவை அழைத்துப்போன அன்று அவளுக்குக் கால் வீக்கம். கோவில் வேனில் வாசல் வரை கொண்டுபோய், அங்கிருந்து நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். சில வாரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த வெற்றியோடு நான் பேச ஆரம்பித்தேன். தாத்தா, கலவை, பயர்மேன், அனுமதி. கலவைப் பக்கமும் பூனைக்கண் உண்டு, கம்பெனியில் எங்கள் லைனிலேயே அந்த ஊர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றுகூடச் சொன்னேன். அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இது யாரு எழுதுனது?"

"உங்கப்பாம்மா. அவரு பேரு போட்டிருக்கிறாரு பாரு."

"எங்கப்பா கையெழுத்தா?"

அவள் விரல் ஒவ்வொரு எழுத்தாகப் போயிற்று. முகம் தெரியாத அப்பா. குரல் தெரியாத அப்பா. நர்ஸாக எத்தனையோ பேர் சாவைப் பார்த்தவள், நான் பார்க்க அவ்வளவு அழுததில்லை. பிறகு சிரித்தாள். "எவ்வளவு அழகா எழுதியிருக்கிறாரு பாருடி. கோடு போட்ட மாதிரி. உன் எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தாள். "எனக்குக் குழி எங்க வெட்டுவாங்க?"

"இங்கதாம்மா. தாத்தா இருக்கிற பக்கம்."

"அப்ப இந்தச் சிமெண்ட?"

எத்தனை ஞாயிறு நடந்தேன், எத்தனை பேரிடம் சண்டை போட்டேன், இதை மட்டும் யோசிக்கவில்லை. குழி திறக்க வேண்டுமானால் அந்த மேடையை உடைத்தாக வேண்டும்.

"எடுத்து ஓரமா வெச்சிடலாம்மா. நல்ல மேஸ்திரியா பார்த்து..."

"உடையும். எழுபது வருஷச் சிமெண்ட். தொட்டா உடையும்." அவள் குரல் நர்ஸ் குரலாகிவிட்டது. "என்னை அந்த ஹைவே பக்கத்துலயே போடு."

"எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்குனேன் தெரியுமா?"

"தெரியும். நீ வாங்குவேன்னு தெரிஞ்சுதான் உன்கிட்ட கேட்டேன். இப்ப வேணாம்ங்கிறேன், அதையும் கேளு."

நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது. அதற்கு எச்சில் பரிசோதனை தேவையில்லை.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு மேடை முழுக்கச் சுண்ணாம்பு அடித்தோம், ஸ்காட்லாந்துக்காரர் பக்கத்துக்கும் சேர்த்து. எழுத்து இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டோம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். அடுத்த ஆனி மாதம் அவள் போனாள்.

புது இடம் செயலாளர் சொன்னது போலவே காற்றோட்டமாகத்தான் இருக்கிறது. லாரி சத்தம் ஓயாது. மேடை கட்டி முடித்த அன்று சாயங்காலம், மேஸ்திரி மேல்பூச்சைத் தேய்த்துவிட்டு, பெயருக்குக் கல் எப்போது வரும் என்று கேட்டார். கல் வேண்டாம், ஒரு ஆணி கொடுங்கள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பையிலிருந்து நீளமான ஆணி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"இங்கிலீஷா, தமிழாம்மா?"

"தமிழ்தான்."

மண்டி போட்டு உட்கார்ந்தேன். "என் அம்மா" என்று எழுதினேன். அவள் பெயரை எழுதினேன். முன்னால் நிற்கிற அந்த ஒற்றை எழுத்தை மட்டும் முழுப் பெயராக விரித்து எழுதினேன். கீழே என் பெயர். எழுத்து கோணல் மாணலாகத்தான் வந்தது. ஆனால் ஆழமாக அழுத்தித்தான் எழுதியிருக்கிறேன்.